இடது மட்கார்டு

பட்டறை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து கேட்டார்கள். நாற்பது வருடம் கம்பத்தில் டிங்கர் வேலை பார்த்தவனாம், துருப்பிடித்த டிராக்டர் தகரத்தைப் புதுசாக்குவதில் என்னை அடித்துக்கொள்ள இந்தப் பக்கம் ஆள் இல்லையாம். பையில் ஆரஞ்சுப் பழம் வேறு வாங்கி வந்திருந்தார்கள். பட்டி மாவு பூசுவதற்கும் நெளிவு எடுப்பதற்கும் ஏதாவது பக்குவம் சொல்வேன் என்று நினைத்திருப்பார்கள். அதையெல்லாம் நீங்கள் செல்போனிலேயே பார்த்துக்கொள்கிறீர்கள். நான் எழுதப் போவது வேறு. படித்துவிட்டு சங்கத்தில் போடுவதா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்து நீங்கள் யாரும் திருந்துவீர்கள் என்ற நம்பிக்கை எனக்குத் துளிகூட இல்லை. எனக்கு ஒருவர் எட்டு வருடம் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தார். நான் என்ன கிழித்துவிட்டேன்?

அவர் தேனியில் பட்டறை வைத்திருந்த மேஸ்திரி. பேரைச் சொன்னால் என்னால் அவருக்குக் கெட்ட பேர், அதனால் மேஸ்திரி என்றே இருக்கட்டும். வாயைத் திறந்தால் நல்ல வார்த்தை வராது. ஆனால் தொழிலில் ஒரு பழக்கம் வைத்திருந்தார். வண்டியில் துரு எங்கே அரித்திருக்கிறதோ அந்த இடத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரே குத்து. ஓட்டை விழும். வண்டிக்காரரைக் கூப்பிட்டு, அந்த ஓட்டையில் அவர் விரலை விடச் சொல்வார். விட்டால்தான் வேலையைத் தொடங்குவார்.

ஒருமுறை குமுளிப் பக்கத்து ஏலத்தோட்ட முதலாளி ஒருவர் ஜீப்பைக் கொண்டுவந்தார். சலவை வேட்டி, சந்தனப் பொட்டு, ஏதோ கல்யாணத்துக்குப் போகிற அவசரம். ஓட்டை ஜீப்பின் அடித்தகரத்தில் இருந்தது. மேஸ்திரி சாக்கை விரித்துப் போட்டு, படுத்துக் கையை உள்ளே விடுங்கள் என்றார்.

“யோவ், வாயால சொன்னாப் பத்தாதா? வேட்டி என்னத்துக்கு ஆகும்?”

“வாயால சொன்னா மறந்துருவீக முதலாளி. வெரலு மறக்காது. படுங்க.”

அந்த மனிதர் திட்டிக்கொண்டே படுத்தார். விரலை விட்டார். எழுந்தபோது முகம் மாறியிருந்தது. “இதுலயா எம் பிள்ளைக காலை வச்சுக்கிட்டு ஸ்கூலுக்குப் போகுதுக?” என்றார். கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போனார். நாங்கள் அவர் வேட்டியைப் பார்த்துச் சிரித்தோம். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை.

தனியாகப் பட்டறை போட்ட பிறகு நானும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. கம்பத்தில் என்னிடம் வண்டி விட்டவர்களில் விரலில் துருப்படாமல் போனவர் குறைவு. “மேஸ்திரி, இன்னைக்கு எந்த ஓட்டைல கையை விடணும்?” என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். அப்படிப் பேர் எடுத்த ஆள்தான் நான். ஒரே ஒரு வண்டிக்கு அதைச் செய்யாமல் விட்டேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

சுருளிப்பட்டி வீரணன் அண்ணனுக்குத் திராட்சைத் தோட்டம். அப்பா காலத்து டிராக்டர் ஒன்று வைத்திருந்தார். பானெட் நெளிந்து, முன் கிரில் பாதி போய், எந்த நிறத்தில் வாங்கினார்கள் என்றே தெரியாத நிலையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மார்கழிக் கடைசியில், போகிக்கு ஆறு நாள் இருக்கும்போது, அதை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். கூடவே அவர் மனைவி பேச்சியம்மாவும் வந்தார். இடது மட்கார்டில் உட்கார்ந்து, ஒரு கையால் லைட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். பின் சக்கரத்தை மூடுவதற்குத்தான் கம்பெனிக்காரன் மட்கார்டை வைத்தான். நம் ஊரில் அது வீட்டுக்காரியின் நாற்காலி. தோட்டத்துக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் புருசன் ஓட்டுவான், பெண்டாட்டி மட்கார்டில் உட்காருவாள். இது தெரியாத டிங்கர் இந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. எனக்கும் தெரியும். நன்றாகவே தெரியும்.

பேச்சியம்மா வண்டியிலிருந்து இறங்கும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

“அண்ணே, இதக் கல்யாண மாப்ளை கணக்கா ஆக்கிக் குடுக்கணும். போகியன்னிக்கு எம் பொண்ணுக்குத் தலப்பொங்கச் சீரு கொண்டுக்கிட்டுப் போறோம்.”

மகள் கவிதாவை அந்த ஆவணியில்தான் சின்னமனூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்த அம்மாளுக்கு மனதில் இருந்ததைக் கொட்டாமல் முடியவில்லை.

“கல்யாணத்தன்னிக்கு மாப்ளையோட சித்தப்பாரு என்ன சொன்னாரு தெரியுமாண்ணே? ‘பொண்ண மட்டும் அனுப்புங்க, கூட இந்த டிராக்டரையும் அனுப்பி வச்சிராதீக, எங்க வீட்ல பழைய இரும்பு போட எடமில்ல’ன்னாரு. பந்தியில இருந்த அம்புட்டுப் பேரும் சிரிச்சாக. எம் பொண்ணு எலையப் பாத்துக் குனிஞ்சவ நிமிரவே இல்ல.”

“விடு புள்ள. கேலிக்குச் சொன்னதப் போயி,” என்றார் வீரணன் அண்ணன்.

“ஒங்களுக்குக் கேலி. இன்னைக்கும் அந்த வீட்ல அதச் சொல்லித்தேன் அவளைப் பாத்துச் சிரிக்கிறாகளாம். அண்ணே, இதே மட்கார்டுல உக்காந்து போயி அந்தச் சித்தப்பாரு வாசல்ல ஆரன் அடிச்சு எறங்கணும். அம்புட்டுத்தேன் எனக்கு வேணும்.”

இதே மட்கார்டில் என்று சொல்லி அதைக் கையால் தட்டியும் காட்டினார். நான் கேட்கவில்லை, கவனிக்கவில்லை என்று எந்த சாமி முன்னாலும் சொல்ல எனக்கு வழியில்லை.

எனக்கும் ரோசம் வந்துவிட்டது. ஒரு பழைய வண்டியைப் பார்த்துச் சிரித்தால் அந்த வண்டியைத் தட்டுகிற என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி. “நீங்க போங்க தாயி, அந்தச் சித்தப்பாரு இதுல மூஞ்சியப் பாத்துத் தலை சீவணும், அப்படிப் பண்ணித் தர்றேன்,” என்றேன். சொன்னபடியே செய்தேன். அதில்தான் கெட்டேன். பானெட்டுக்கும் கிரில்லுக்கும் மட்டும் நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். நெளிவை ஒவ்வொன்றாகத் தட்டி, தேய்த்து, விளக்கு வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்து, மறுபடி தேய்த்து. என் ஆயுளில் அவ்வளவு சுத்தமாக ஒரு பானெட்டை எடுத்ததில்லை. வலது மட்கார்டில் பெரிய வேலை இல்லை. ஐந்தாம் நாள் மதியம்தான் இடது மட்கார்டுக்குக் கீழே குனிந்தேன்.

திராட்சைக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மருந்தடிப்பார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். மருந்துத் தொட்டி வண்டியின் பின்னால் இருக்கும். அதன் ஓஸ் குழாய் இடது பக்கம் ஒழுகி ஒழுகி, மட்கார்டு அச்சோடு சேர்கிற அடிப்பகுதியை வருடக்கணக்கில் தின்றிருந்தது. மேலே பெயிண்ட் இருந்தது, உள்ளே தகரம் இல்லை. ஸ்க்ரூடிரைவரை வைத்து அமுக்கினேன். குத்தக்கூட இல்லை, அமுக்கினேன். கைப்பிடி வரை உள்ளே போனது. நான்கு போல்ட் பிடிக்கிற இடத்தில் மூன்று போல்ட்டுக்கு அடியில் ஒன்றுமில்லை.

செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். அந்தப் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு கனமான பிளேட் வைத்துப் பற்றவைக்க வேண்டும். இல்லாவிட்டால் மதுரையில் பழைய இரும்புக் கடைகளில் தேடி வேறு மட்கார்டு வாங்கி வர வேண்டும். எதற்கும் இரண்டு நாள் வேண்டும். மறுநாள் சாயந்தரம் வண்டியை எடுக்க வருகிறார்கள். அதற்கடுத்த நாள் போகி.

போனை எடுத்தேன். இதையும் எழுதிவிடுகிறேன், நான் போன் செய்தேன். வீரணன் அண்ணனிடம் விசயத்தைச் சொல்லி, சீரை வேறு வண்டியில் கொண்டுபோங்கள், இல்லை மட்கார்டில் யாரும் உட்காராமல் போங்கள் என்று சொல்லத்தான் செய்தேன். பேச்சியம்மா எடுத்தார்.

“அண்ணே, ஒங்களுக்கு நூறு ஆயுசு! இப்பத்தேன் கவிதாகிட்டப் பேசுனேன். ‘அம்மா, நம்ம டிராக்டர் புதுசா வருதுன்னு தெரு பூராச் சொல்லி வச்சிருக்கேன், வாசல்ல நின்னு போட்டோ எடுப்பேன்’ங்குறா. வண்டி ஆயிருச்சாண்ணே?”

சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டேன். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அந்த அம்மாளின் குரலில் இருந்த சந்தோசத்தை உடைக்கத் தைரியம் வரவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நான்கு நாள் பானெட்டைத் தேய்த்துவிட்டு அடிப்பகுதியைப் பார்க்காமல் விட்டேன் என்று என் வாயால் சொல்ல வேண்டியிருக்கும், அதுதான் காரணம். முதல் நாளே பார்த்திருந்தால் எல்லாவற்றுக்கும் நேரம் இருந்தது. என் பேர் கெட்டுவிடும் என்று பயந்தேன்.

“ஆயிருச்சு தாயி. நாளைக்கு வாங்க,” என்றேன்.

தம்பிகளா, என் தொழிலில் நான் செய்த தப்பு எது என்று கேட்டால் அடுத்து நான் பூசிய பட்டி அல்ல. அந்த ஒரு வார்த்தைதான். மிச்சமெல்லாம் அதற்குப் பின்னால் தானாக நடந்தது.

மெல்லிசாக ஒரு தகரத்தை வெட்டி மேலே வைத்து ரிவிட் அடித்தேன். அதன் மேல் பைபர் துணி, அதன் மேல் பட்டி. காய்ந்ததும் தேய்த்தேன். விரலால் தடவினால் கண்டுபிடிக்க முடியாது. பட்டறையில் என்னோடு பதினைந்து வருடமாக இருந்த பெயிண்டர், பெயிண்ட் அடிக்கிற துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர், குனிந்து பார்த்துவிட்டு நின்றார்.

“மேஸ்திரி, இதுக்கு அடியில ஒண்ணுமில்லையே?”

“ஒம் வேலை என்னமோ அதப் பாரு.”

“ஆள் உக்காருவாகளே.”

“பொங்கல் முடியவும் கூப்பிட்டு மாத்திக் குடுத்துருவேன்யா. ஒரு நாளைக்குத் தாங்காதா? அடி.”

அடித்தார். ஆகாச நீலத்தில் அந்த வண்டி மின்னியது. மறுநாள் சாயந்தரம் இரண்டு பேரும் வந்தார்கள். வீரணன் அண்ணன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். “புதுசு தோத்துப் போகும் மேஸ்திரி,” என்றார். பிறகு, வழக்கம் தெரிந்தவர், ஆள்காட்டி விரலை நீட்டிச் சிரித்துக்கொண்டே, “எந்த ஓட்டைல விடணும்?” என்று கேட்டார்.

விரலை நீட்டிக்கொண்டு என் முன்னால் நின்றார். அப்போதுகூடப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கலாம்.

“ஒங்களுக்கு ஒரு ஓட்டையும் மிச்சம் வைக்கலண்ணே,” என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். பெயிண்டர் மட்டும் டின்னைக் கழுவுகிற மாதிரி பின்பக்கம் போய்விட்டார்.

பொங்கல் முடிந்ததும் ஏதாவது சாக்குச் சொல்லி வரவழைத்து, வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்துவிடுவது என்று நிஜமாகவே நினைத்திருந்தேன். மதுரைப் பழைய இரும்புக் கடைக்காரரிடம் மட்கார்டுக்குச் சொல்லியும் வைத்துவிட்டேன். நீங்களும் ஒருநாள் இப்படித்தான் நினைப்பீர்கள்.

போகியன்று காலையில் பட்டறை வாசலில் ஆரன் சத்தம் கேட்டது. டிரெய்லரில் கரும்புக்கட்டு, வெண்கலப் பானை, அரிசி மூட்டை, வாழைத்தார். சொந்தக்காரப் பெண்கள் நாலைந்து பேர் பானைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பேச்சியம்மா மட்கார்டில் இருந்தார். பச்சைப் பட்டு, தலை நிறையப் பூ. நிறுத்தவில்லை, வேகத்தைக் குறைத்தார்கள், அவ்வளவுதான்.

“அண்ணே, பொங்கலுக்குக் குடும்பத்தோட வீட்டுக்கு வரணும்!” என்று கத்தினார்.

நான் கையைத் தூக்கினேன். அண்ணன் கியரை மாற்றியதும் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. அந்த மட்கார்டு லேசாக நடுங்கியதை நான் பார்த்தேன். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. தகரத்தோடே வாழ்ந்த எனக்குத் தெரிந்தது. தூக்கிய கையை ஆட்டி நிறுத்தச் சொல்லியிருந்தால் நின்றிருப்பார்கள். ஆட்டினேன், போய்வாருங்கள் என்று. அப்புறம் உள்ளே வந்து ஒரு வேன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

சின்னமனூருக்கு இந்தப் பக்கம் ஒரு வேகத்தடை இருக்கிறது. அதில் ஏறி இறங்கும்போது மட்கார்டு அடியோடு பிய்ந்து டயரின் மேல் சாய்ந்திருக்கிறது. டயர் அதை இழுத்துப் போட்டிருக்கிறது. பேச்சியம்மா டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை. மகள் வீட்டு வாசலில் கோலம் போட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

எனக்கு மத்தியானம் சேதி வந்தது. சொன்னவன், பாவம் நேரம் சரியில்லை என்றான். பெயிண்டர் கேட்டுக்கொண்டே நின்றார். கையைக் கழுவினார், சட்டையை மாட்டினார், போனார். அதற்குப் பிறகு என் பட்டறைக்கு அவர் வரவே இல்லை. வழியில் பார்த்தாலும் அந்தப் பக்கமாகப் போய்விடுவார்.

சுருளிப்பட்டிக்குத் துக்கத்துக்குப் போனேன். கூட்டத்தில் பின்னால் நின்றேன். யாராவது வந்து என் சட்டையைப் பிடிக்க மாட்டார்களா என்று இருந்தது. அதே நேரத்தில் யாரும் பிடித்துவிடக் கூடாதே என்றும் இருந்தது. போலீசில் ஓடுகிற வண்டியிலிருந்து தவறி விழுந்ததாக எழுதிக்கொண்டார்கள். அந்த அம்மா மட்கார்டில் உட்கார்ந்திருக்கலாமா என்று இரண்டு பேர் அறிவு பேசினார்கள். தகரத்தைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நான் மாலையைப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

மாசிக் கடைசியில் வீரணன் அண்ணன் பட்டறைக்கு வந்தார். டிராக்டரின் இடது சக்கரம் மூடி இல்லாமல் மொட்டையாக இருந்தது. தாடி வளர்ந்திருந்தது. ஒரு சாக்கைத் தூக்கிவந்து என் முன்னால் பிரித்தார். பிய்ந்த மட்கார்டு. என் பட்டி பாளம் பாளமாக உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. மேலே நீலப் பெயிண்ட் மட்டும் இன்னும் பளபளவென்று இருந்தது.

அண்ணன் பிய்ந்த ஓரத்தில் ஆள்காட்டி விரலை வைத்துத் தேய்த்தார். விரல் நுனியில் சாம்பல் நிறத் தூள் ஒட்டியது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“மேஸ்திரி, இது ஏன் இப்படிப் பிஞ்சுச்சு?”

வேறு எதுவும் கேட்கவில்லை. குரலில் கோபம் இல்லை. நான் உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வராது என்பது அப்போதே எனக்குத் தெரிந்தது. ஜெயில், பட்டறை, என் மகளுக்குப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, எல்லாம் ஒரே நொடியில் கண் முன்னால் வந்தது.

“பழைய தகரம்ணே. அலுத்துப் போயிருக்கும்,” என்றேன். அதோடு நிறுத்தியிருந்தாலாவது பாதிப் பாவம். நிறுத்தவில்லை. “வேகத்தடையில கொஞ்சம் வெரசா எறக்கிட்டீகளோ?”

அவர் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“இருக்கும். நாந்தேன் வெரசாப் போயிட்டேன் போல.”

பட்டி பூசியது கோழைத்தனம். இது கொலை. ஒரு மனிதன் தன் பெண்டாட்டியைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொள்ளட்டும் என்று என் வாயால் எடுத்துக் கொடுத்தேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. கண் சிமிட்டுகிற நேரத்தில் அந்த வாக்கியம் தயாராக வந்து நின்றது.

“வேற மட்கார்டு நானே தேடிப் போட்டுத் தர்றேன்ணே,” என்றேன்.

“வேணாம். இனிமே அங்கன யாரு உக்காரப் போறா?”

சாக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். இனி என் பட்டறைப் பக்கம் வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் வந்து நின்றார். பானெட்டில் லேசாக உராய்ந்திருக்கிறது, கொஞ்சம் பெயிண்ட் தொட்டுவிடுங்கள் என்றார். அரை மணி நேர வேலை. பழைய டயர் மேல் உட்கார்ந்து நான் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ வாங்கி வரச் சொல்லிக் கொடுத்தேன். குடித்தார். கிளம்பும்போது வண்டியில் ஏறி, சாவியைத் திருப்பாமல், “வேற என்ன மேஸ்திரி?” என்றார்.

“வேற என்னண்ணே. ஒண்ணுமில்ல,” என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். அதற்கடுத்த பொங்கலுக்கும் வந்தார். அதற்கடுத்த பொங்கலுக்கும். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு சின்னக் கீறல், அதே டயர், அதே டீ, கிளம்பும்போது அதே “வேற என்ன மேஸ்திரி?” சுருளிப்பட்டியிலிருந்து ஒரு கீறலுக்காக ஒருத்தர் டிராக்டரை ஓட்டிக்கொண்டு வருவாரா என்று நான் யோசிக்கவில்லை. முதலில் பயமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. இவ்வளவு நடந்தும் என் கைமேல் எவ்வளவு நம்பிக்கை பாருங்கள் என்று இரண்டொரு வருடம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்படி ஒரு ஈன ஜென்மம்.

ஏழாவது பொங்கலுக்கு அப்புறம் என்னால் முடியவில்லை. பெயிண்ட்டும் தூளும் நெஞ்சில் இறங்கி மூச்சு வாங்கியது, ஒரு கண்ணும் மங்கிவிட்டது. பட்டறையைப் பூட்டிவிட்டு பழனிசெட்டிபட்டியில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். வேலை இல்லாதவனுக்கு நினைப்பதைத் தவிர என்ன இருக்கிறது? அடுத்த பொங்கல் வந்தது. அண்ணன் டிராக்டரோடு வந்து, பூட்டிக் கிடக்கிற ஷட்டரைப் பார்த்திருப்பாரே என்று அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதும் கிளம்பவில்லை. தையும் மாசியும் போனது. பங்குனியில் ஒரு காலை, மகளிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறினேன். கம்பத்தில் இறங்கி, சுருளிப்பட்டி பஸ்ஸில் உட்கார்ந்து, என்ன சொல்வது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். ‘நீங்க வெரசாப் போகலண்ணே. நாந்தேன் பட்டியப் பூசிக் குடுத்தேன்.’ இவ்வளவுதான். இதைச் சொல்ல எட்டு வருடம்.

வீட்டில் கவிதா இருந்தாள். நான் பேர் சொல்லும் முன்பே அடையாளம் தெரிந்துகொண்டாள்.

“வாங்க. நீங்க வருவீகன்னு அப்பா சொல்லிக்கிட்டேதேன் இருந்தாரு.”

“அண்ணன் எங்கத்தா?”

“மாசியில செத்துப் போனாரு. பொங்கலுக்கு ஒங்க பட்டறைக்குப் போயிட்டு, பூட்டிக் கெடக்குன்னு திரும்பி வந்தாரு. அதுக்கப்புறம் டிராக்டர எடுக்கவே இல்ல.”

நான் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். அவள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவளும் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

“அப்பாவுக்கு எல்லாந் தெரியும்,” என்றாள். “அம்மாவ அடக்கம் பண்ணிட்டு வந்தன்னிக்கே அந்தத் தகரத்த எடுத்துப் பாத்துட்டாரு. இரும்பு இருக்க வேண்டிய எடத்துல மாவு இருக்கு ஆத்தான்னாரு. நான் போலீசுக்குப் போவோம்னேன். என் வீட்டுக்காரரும் சொன்னாரு. அப்பாதேன் வேணாம்னுட்டாரு. ‘அவரு எல்லார் வெரலையும் ஓட்டைல விடச் சொல்ற மனுசன். கேட்டாச் சொல்லிருவாரு’ன்னு ஒங்ககிட்ட வந்தாரு.”

நான் செம்பைத் தள்ளி வைத்தேன்.

“வந்து கேட்டதுக்கு நீங்க வேகத்தடைய வெரசா எறக்குனீகளான்னு கேட்டீகளாம். அன்னைல இருந்து அவருக்கு அதே நெனப்பு. தெரிஞ்சிருந்தும் சந்தேகம். ‘நெசமாவே வெரசாப் போயிட்டனோ ஆத்தா? பைய எறக்கியிருந்தாத் தாங்கியிருக்குமோ?’ன்னு என்னையப் போட்டுக் கேப்பாரு. நான் இங்கன வந்து தங்குறப்பப் பாத்திருக்கேன், ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு கியர் போடுற மாதிரி கைய ஆட்டிப் பாப்பாரு. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒங்ககிட்டப் போயிட்டு வந்து, ‘இந்த வருசமும் அவரு வாயத் தொறக்கல’ம்பாரு. அவரு ஒரு தடவ சொல்லிட்டாப் போதும், நான் தூங்கிருவேம்பாரு. அம்புட்டுத்தேன் கேட்டாரு.”

“ஆத்தா, அன்னைக்கு நான்...”

கவிதா கையைக் காட்டி நிறுத்தினாள். கத்தவில்லை. அவள் கத்தியிருக்கலாம்.

“எங்கிட்டச் சொல்லாதீக. எனக்கு வேணாம். கேட்டவரு போயிட்டாரு.”

எழுந்து வாசலுக்கு வந்தேன். பக்கத்தில் கொட்டகைக்குள் டிராக்டர் நின்றது. பானெட் இன்னும் மின்னியது. கொட்டகைச் சுவரில் ஆணி அடித்து அந்தப் பிய்ந்த மட்கார்டை மாட்டி வைத்திருந்தார்கள். கிட்டே போய்ப் பார்க்காமல் திரும்பினேன். பஸ்ஸுக்குப் போகிற வழி முழுக்க யாராவது ஒருவரிடம் அந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. யாரிடம் சொல்வது?

அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் கேட்க வேண்டியவர்கள் இல்லை. சங்கத்திலிருந்து வந்து கேட்டார்கள், கிடைத்த காது உங்கள் காது. வண்டிக்காரரின் விரலை ஓட்டையில் விடச் சொல்லுங்கள் என்று எழுதினால் முடிந்தால் செய்வீர்கள், அவசரத்தில் விட்டுவிடுவீர்கள். நானும் அவசரத்தில்தான் விட்டேன்.

அண்ணன் ஏழு பொங்கலுக்கு என் பட்டறைக்கு வந்தார். ஏழு தடவையும் “வேற என்ன?” என்று கேட்டார். ஏழு தடவையும் நான் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.